மூன்று பக்க மனுவுக்கு நான் எழுதிய நாலு வரி

சேகர்,

நீ ஊர் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். வியாழக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்தபோது உன்னிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டு, ஆக்ராவில் இறங்காதே, நாக்பூரில் ஆரஞ்சு வாங்கினால் அடியில் பார்த்து வாங்கு என்று சொன்னதையே மூன்று தடவை சொன்னேன். நீயும் "அச்சா அப்பா, அச்சா" என்று சிரித்துக்கொண்டே ஏறிவிட்டாய். பிளாட்பாரத்தில் நூறு பேர் இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் ஒருவன் நன்றாகக் கற்றுக்கொள்வது இந்தச் சமாதானம் சொல்லும் வித்தையைத்தான். இன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, உங்கம்மா மார்க்கெட் போயிருக்கும் நேரத்தில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு உன் தமிழ் நின்றுபோனது, வேறு பள்ளிக்கு மாற்றியவனும் நான்தான். மெதுவாகப் படி. ஆங்கிலத்தில் எழுதினால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். நோட் எழுதி எழுதிப் பழகிப்போன கை அது.

நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் கம்பெனி எந்தத் துறைமுகத்தை நீட்டுவதற்காகக் கடலை அளக்கப் போகிறதோ, அந்த மீன்பிடித் துறைமுகம் டெல்லியில் எந்த மேஜையில் பிறந்தது என்று உனக்குத் தெரியாது. என் மேஜையில்தான் பிறந்தது. எமர்ஜென்சி முடிந்து அடுத்த வருஷக் குளிர்காலம். அப்போது நான் வெறும் அசிஸ்டென்ட். கடற்கரை மாவட்டங்களில் மீன்பிடித் தொழிலை வளர்க்க மத்திய அரசு உதவி கொடுக்கும் திட்டங்கள் எங்கள் செக்‌ஷனுக்குத்தான் வரும். எஞ்சின் போட்ட படகுக்கு மானியம், ஐஸ் பேக்டரி, இறால் பதனிடும் கூடம், படகைக் கட்டி நிறுத்த ஜெட்டி, அலையைத் தடுக்கக் கல் சுவர். நம் மாவட்டத்துக்குத் துறைமுகம் கேட்டு பைல் வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை எங்கள் பக்கத்துக்கு எதுவும் வந்ததில்லை. மேற்குக் கரைக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் வாரிக்கொண்டு போவார்கள். செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும் மலையாளி நண்பர் ஒருவர், "உங்க ஊர்ல கடல் இருக்கா சார்?" என்று என்னைக் கிண்டல் செய்வார். அந்தக் கிண்டலுக்கு ஒரு பதில் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எவ்வளவு சின்னப் புத்தி பார்.

அந்தச் சமயத்தில்தான் மூன்று பேர் வந்தார்கள். உனக்கு ஞாபகம் இருக்கலாம், அப்போது உனக்குப் பன்னிரண்டு வயசு. துறைமுகம் வரப்போகும் இடத்துக்கு வடக்கே இருந்த வேலாங்குப்பத்து மீனவர்கள். பஞ்சாயத்துத் தலைவர் முத்தையன், அவரோடு இன்னும் இரண்டு பேர். நம்ம மாவட்டத்து ஆள் ஒருத்தர் அந்த ஆபீசில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி, விலாசம் விசாரித்துக்கொண்டு சரோஜினி நகர் குவார்ட்டர்சுக்கே வந்துவிட்டார்கள். ஜனவரிக் குளிரில் மூன்று பேரும் வேட்டி, பருத்திச் சட்டை, தோளில் துண்டு. கை நிறையக் கருவாடு கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் ஜன்னலையே திறக்கவில்லை. உங்கம்மா முகம் சுளிக்காமல் நாலு நாளும் சோறு போட்டாள். நான் என் பழைய ஸ்வெட்டர் ஒன்றை முத்தையனுக்குக் கொடுத்துவிட்டு, பெரிய தர்மம் செய்துவிட்டவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அவர்கள் கொண்டுவந்த மனு மூன்று பக்கம். தமிழில், கோடு போட்ட தாளில், யாரோ பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில் இருந்தது. கீழே இருநூறு பேருக்கு மேல் கைநாட்டு. துறைமுகம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை, அதைக் கவனி. இந்த இடத்தில் கல் கொட்டாதீர்கள், ஆற்றுமுகத்துக்குத் தெற்கே தள்ளிப் போடுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்கள். நான் படித்துவிட்டு, "என்ஜினீயருங்க வந்து அளந்துட்டுத்தானே போயிருக்காங்க?" என்றேன். முத்தையன் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போனார். பாத்திரம் தேய்க்க வைத்திருந்த மணலை இரண்டு கை அள்ளிச் சிமெண்டுத் தரையில் நீளமாகப் பரப்பினார். குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் மணலை மெல்லத் தள்ளிக்கொண்டு ஓடியது. நடுவில் ஒரு செங்கல்லைக் குறுக்கே வைத்தார்.

"இப்பப் பாருங்கையா. கல்லுக்கு இந்தப் பக்கம் மண்ணு மேடு தட்டுதா? அந்தப் பக்கம் பாருங்க, வழிச்சு எடுத்துருச்சு. கடல்ல மண்ணு சும்மா கெடக்கல, தெக்கேருந்து வடக்கே போய்க்கிட்டே இருக்கு. வருசத்துல முக்காவாசி நாளு அப்பிடித்தான். நீங்க குறுக்கே கல்லப் போட்டா எங்க கரைக்கு மண்ணு வராது. அப்பறம் கடலு எங்க ஊரத்தான் திங்கும். அளக்க வந்தவங்க சித்திரையில வந்தாங்க. அப்பக் கடலு கொளம் மாதிரி கெடக்கும். ஐப்பசியில வந்து பாக்கச் சொல்லுங்க."

சேகர், நான் புரிந்துகொண்டேன். இதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கப்பா விவரம் தெரியாமல் செய்துவிட்டார் என்று நீ எனக்காக வாதாட ஆரம்பித்துவிடக் கூடாது. ஐந்து நிமிஷத்தில் எட்டாம் கிளாஸ் பையனுக்குக்கூட விளங்கும்படி அந்த மனிதர் காட்டிவிட்டார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

மறுநாள் மனு முறைப்படி ஆபீசுக்கு வந்து, பைலில் ஏறியது. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்கிறேன். வந்த கடிதங்கள் எல்லாம் பைலின் ஒரு பக்கம் கோத்திருக்கும். இன்னொரு பக்கம் நாங்கள் எழுதும் நோட். மேலே போகும் அதிகாரிகள் நோட்டை மட்டும்தான் படிப்பார்கள். கடிதம் வேறு பாஷையில் இருந்தால், அந்தப் பாஷை தெரிந்தவன் சாராம்சம் எழுத வேண்டும். அவன் எழுதியதுதான் வேதம். அண்டர் செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். "உள்ளூர் ஆட்சேபம் என்றால் மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது போய் வருவதற்குள் மார்ச் முடிந்துவிடும். அப்புறம் இந்த ஒதுக்கீடு வேறு மாநிலத்துக்குத்தான் போகும். தமிழ் படிக்கிறவர் இங்கே நீங்கள் ஒருவர்தான். பார்த்து எழுதுங்கள்" என்றார். பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. 'பார்த்து எழுதுங்கள்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நான் நாலு வரி எழுதினேன். வேலாங்குப்பத்து மீனவர்கள் துறைமுகத் திட்டத்தை வரவேற்கிறார்கள். விரைவில் முடித்துத் தருமாறு கோருகிறார்கள். உள்ளூர் அளவிலான சில ஐயங்களையும் தெரிவித்திருக்கிறார்கள். அவற்றை மாநில அரசு உரிய நேரத்தில் கவனிக்கலாம். இருநூறு கைநாட்டை இப்படி நாலு வரியில் அடக்கினேன். லஞ்சம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால்கூட இவ்வளவு நாள் அரிக்காது என்று நினைக்கிறேன். என் மாவட்டம் முன்னேற வேண்டும் என்ற ஆசையில் எழுதினேன். இந்த வருஷம் விட்டால் போச்சு, முதலில் துறைமுகம் வரட்டும், மண் அரிப்பையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த ஊர்க்காரன் சொன்னதை அழித்தேன்.

அதற்கடுத்த நாள் அவர்களை ரயில் ஏற்றப் போனேன். முத்தையன் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவங்ககிட்ட எடுத்துச் சொல்லிருவீங்கல்ல ஐயா?" என்றார். "சொல்லியாச்சு. கவலைப்படாமப் போங்க" என்றேன். அந்த நாலு வரியின் மை காய்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

துறைமுகம் வந்தது. நன்றாகவே வந்தது. ஆண்டறிக்கையில் படம் போட்டார்கள். டிராலர் படகுகள் வந்தன, ஐஸ் பேக்டரி வந்தது, இறால் கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. பிழைத்தவர்கள் உண்டு, மாடி வீடு கட்டியவர்கள் உண்டு. நான் அதையெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் செக்‌ஷன் ஆபீசராகப் பதவி உயர்வு வந்தது. மார்க்கெட்டில் இரண்டு கிலோ பர்பி வாங்கி நம் பிளாக் முழுக்கக் கொடுத்தோமே, அந்த நாள்தான். வடக்கே வேலாங்குப்பத்தில் முதல் வருஷம் படகு இழுத்துவைக்கும் மணல் போயிற்று. அடுத்த வருஷம் தென்னை வரிசை. அப்புறம் முதல் வரிசை வீடுகள். மாநிலத்திலிருந்து இதைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. 'தகவலுக்கு' என்று எழுதிக் கோத்துவைத்தேன்.

ஏஷியாட் விளையாட்டுக்காக டெல்லி முழுக்கத் தோண்டிப்போட்டிருந்த வருஷம் நம் வீட்டுக்கு அஞ்சலை வேலைக்கு வந்தாள். புருஷன் ஸ்டேடியம் கட்டும் வேலைக்கு வந்தவன். ரயில் பாதையை ஒட்டிய ஜுக்கிக் குடிசைப் பகுதியில் குடியிருந்தார்கள். தமிழ்க்காரி கிடைத்தாளே என்று உங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வந்த இரண்டாவது வாரம் நான் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் அவள் உங்கம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வேலாங்குப்பம்மா. இப்ப ஊரு இல்ல. கடலு எடுத்துருச்சு. எங்கப்பா முத்தையன்னு, பஞ்சாயத்துத் தலைவரா இருந்தவரு. கார்த்திகை மாசம் ஒரு நா, வீடு எப்பிடியும் போவப்போவுது, கதவு நெலையவாச்சும் பேத்து எடுத்துட்டு வந்துர்றேன்னு காலையில போனாரு. செவுரு சாஞ்சு அலை இழுத்துட்டுப் போயிருச்சு. மூணாம் நாளு துறைமுகத்துக் கல்லுக்கிட்ட ஒதுங்கினாரு." பிளேடு என் கன்னத்தில் இறங்கியது. நீகூட, என்னப்பா இவ்வளவு பெரிய வெட்டு என்று கேட்டாய். பிளேடு சரியில்லை என்றேன். உங்கம்மாவுக்கு அன்றைக்கு வந்த மூன்று பேரும் வெறும் ஊர்க்காரர்கள்தான், பேர் நினைவில் இல்லை; நானும் சொல்லவில்லை.

நாலு வருஷம், சேகர். உன் சட்டையைத் துவைத்தாள். உனக்கு டைபாய்டு வந்தபோது, உங்கம்மா அசந்து தூங்கினால் உன் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவள் அவள்தான். நான் அவளுக்கு என்ன செய்தேன் தெரியுமா? பழைய கம்பளி கொடுத்தேன். தீபாவளிக்குப் புடவை எடுக்கச் சொன்னேன். அவள் பிள்ளையை முனிசிபல் பள்ளியில் சேர்க்க அலைந்தேன். "ஐயா தங்கமானவரு" என்று அவள் ஜுக்கி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள்; என்னுடையது குறுகுறுத்துக்கொண்டே நாலு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டது, தூங்கியது, இன்கிரிமென்ட் வாங்கியது.

போன மாதம் துறைமுகத்தை நீட்டும் பைல் என் மேஜைக்கு வந்தது. கல் சுவரை இன்னும் கடலுக்குள் கொண்டுபோகப் போகிறார்கள். வேலாங்குப்பத்துக்கும் வடக்கே இன்னும் இரண்டு குப்பங்கள் இருக்கின்றன. அடுத்தது அவைதான். என் கீழே வேலை பார்க்கும் பஞ்சாபிப் பையன் நோட் போட்டிருந்தான். உள்ளூர் மீனவர்கள் இத்திட்டத்தை ஏற்கெனவே வரவேற்றிருக்கிறார்கள், ஆகவே மறுபடி கருத்துக் கேட்க அவசியமில்லை என்று எழுதி, பழைய பைலின் பக்கத்தைக் குறிப்பிட்டிருந்தான். "சார், ஆப் ஹீ கா நோட் ஹை" என்றான் சந்தோஷமாக. நீங்கள் எழுதியதுதான் சார், எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பாராட்டு வேறு. நான் அந்தப் பழைய பைலைத் திருப்பினேன். என் நாலு வரி இருந்தது. எதிர்ப்பக்கத்தில் அந்த மூன்று பக்க மனுவும், கைநாட்டுகளோடு, அப்படியே இருந்தது. இத்தனை வருஷமும் உண்மை அந்த பைலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான்.

அந்த வாரமே உனக்கு வேலை உத்தரவு வந்தது. எந்த இடம் என்று நீ படித்துச் சொன்னதும் உங்கம்மா சாமிக்கு விளக்கேற்றினாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கிளம்பிய பிறகுதான் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். அப்புறம், "ரிடையர் ஆக இன்னும் ஏழு மாசந்தான் இருக்கு. இத்தனை வருஷம் வாயத் தொறக்காதவரு, இன்னும் ஏழு மாசம் மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா? பென்ஷன நிறுத்திட்டா நாம எங்க போறது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அஞ்சலையிடம் சொன்னேன். குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், உட்காரத் தோன்றவில்லை. உங்கப்பா டெல்லிக்கு வந்தபோது சோறு போட்டது இந்த வீடுதான், அவர் கொடுத்த மனுவை மாற்றி எழுதியவன் நான்தான் என்றேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்த ஐயா நீங்களா?" என்றாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கப்பா திரும்பி வந்து ஊர்க்கூட்டம் போட்டாருங்க. டெல்லியில நம்ம பக்கத்து ஐயா ஒருத்தரு கையில குடுத்துட்டு வந்துருக்கேன், அவரு பெரியவங்களுக்குச் சொல்லிட்டாரு, ஒருத்தரும் பயப்படாதீங்கன்னாரு. கல்லு லாரி வந்தப்ப, பொம்பளைங்க நாங்கல்லாம் ரோட்டுல படுத்து மறிக்கிறோம்னு கெளம்புனோம். நானும் கைப்புள்ளையோட கெளம்புனேன். எங்கப்பாதான் மறிச்சு நின்னாரு. வேணாம், அந்த ஐயா வாக்குக் குடுத்துருக்காரு, நாம சண்டைக்குப் போனா அவருக்குத்தான் கெட்ட பேருன்னு எல்லாத்தையும் திருப்பி அனுப்புனாரு."

கீழே வைத்த தட்டை மறுபடி எடுத்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்தை தப்பாச் சொல்லலீங்க" என்றாள். மிச்சமிருந்த பாத்திரத்தையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. உங்கம்மா ஜுக்கிக்கு ஆள் அனுப்பினாள். உடம்பு சரியில்லை என்று பதில் வந்தது. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்துபோயிற்று. நான் பைலில் எழுதிய பொய் டெல்லியில் மட்டும்தான் செல்லும். அந்த ஊரை மூழ்கடித்தது நான் ரயில் ஜன்னலில் சொன்ன வார்த்தை. அவர்கள் என்னை நம்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை ஆபீசில் அந்த மனுவை வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். முன்பு நான் எழுதிய சாராம்சம் உண்மைக்கு மாறானது, தெரிந்தே எழுதியது என்று அதன் மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி நேற்று என்னைக் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள், நான் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன் என்றார். நல்ல மனிதர். எடுக்கவில்லை. விசாரணை வரும் என்கிறார்கள். என்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு, திட்டத்துக்கு வேறு ஒரு சாராம்சம் எழுதிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நல்லது நடக்கும் என்று உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் கம்பெனிக்காரர்கள் படகு ஆடாத மாசமாகப் பார்த்துத்தான் அளப்பார்கள். இன்ஜினீயருக்கு வாந்தி வரக் கூடாதல்லவா? நீ ஐப்பசியிலும் போய் நில். டிராலர் முதலாளி அனுப்பும் இறாலைச் சாப்பிடாதே. கரையில் ஒருவன் சொல்வதை எழுதினால், அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அவனுக்கே படித்துக் காட்டிவிட்டு மேலே அனுப்பு. உன் தமிழ் மோசம்தான், பரவாயில்லை, பிழையோடு எழுது. சாராம்சம் மட்டும் எழுதாதே. அதற்கு முன்னால், இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே, அந்த இரண்டு குப்பங்களுக்கும் போ. வேலாங்குப்பத்திலிருந்து போனவர்கள் அங்கேதான் ஓலைக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம். முத்தையன் மகனும் அங்கேதான் இருக்கிறான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். மறைக்காதே. அந்த டெல்லி ஐயாவின் மகன் என்று சொல். அடித்தால் வாங்கிக்கொள். காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நில்.

சிலர் அப்படிச் செய்யமாட்டார்கள். அவர்களைத்தான் நினைத்துப் பயப்படுகிறேன். படித்த பிள்ளை, நம்ம பக்கத்துப் பிள்ளை, நல்ல முகம், இவன் மேலே எடுத்துச் சொல்லிவிடுவான் என்று உன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்க விடாதே. என்னை நம்பிச் சும்மா இருந்தார்கள். உன்னை நம்பியும் சும்மா இருந்துவிட வேண்டாம் என்று உன் வாயாலேயே சொல். உன் வேலை போனாலும் போகட்டும். கல் லாரி வந்தால் ரோட்டில் படுக்கச் சொல்.

உன் அப்பா